நூற்றுக்கு நூறு வாங்கிய நோயாளி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்க கிளினிக்கில் நான் தாதியாக இருக்கிறேன். தாதி என்பது அறிக்கையில் எழுதுகிற சொல். நேரில் எல்லோருக்கும் நான் மிஸ்ஸிதான். இருபது வருடமாக இந்தப் பெயரோடு அங்கே குப்பை கொட்டுகிறேன். வேலையில் ஒரு பாதி ஊசி, கட்டு, ரத்த அழுத்தம். மறுபாதி, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று வளர்ந்த மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. தொண்டை கட்டுவது இந்த மறுபாதியில்தான்.

எங்கள் நோயாளிகளுக்கு மருந்தின் மேல் மரியாதை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பெரியவர் மாத்திரைப் பைகளைச் சாமி மேடையில் வைத்துத் தினமும் சூடம் காட்டினார், சாப்பிடத்தான் இல்லை. ஓர் அம்மாவுக்கு மருந்தின் பெயரெல்லாம் தேவையில்லை, நிறம் போதும். வெள்ளை காலையில், மஞ்சள் மத்தியானம். ஒரு வருடம் மேலிடம் மாத்திரை வாங்குகிற கம்பெனியை மாற்றியதில் வெள்ளை மஞ்சளாகவும் மஞ்சள் வெள்ளையாகவும் வந்துவிட்டன. அந்த அம்மா இரண்டு வாரம் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிட்டு, ரத்த அழுத்தம் எகிறிப்போய் வந்து சேர்ந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோறு சாப்பிடுகிற ஓர் அண்ணன், எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்கிற நாளில் இனிப்பு நீர் மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்வார். நீரிழிவுக்கு எங்கள் ஊரில் இனிப்பு நீர் என்றுதான் பெயர்.

"குழம்பு ஜாஸ்தி மிஸ்ஸி. அதான் மாத்திரையும் ஜாஸ்தி. சரியாப் போயிடும்லா," என்று அவர் எனக்கே பாடம் எடுத்தார்.

அத்தனை பேருக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. கிளினிக்குக்கு வர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னாலிருந்து பரம சாதுக்களாக மாறிவிடுவார்கள். இனிப்புக் கோப்பி நிற்கும், தூசி படிந்த மாத்திரைகள் வெளியே வரும். ரத்தத்தை எடுத்து மூன்று மாதத்துச் சர்க்கரையையும் காட்டிக்கொடுக்கிற பரிசோதனை ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னால், யாரோ வீட்டில் ஒற்றன் வைத்தது போல முகம் வாடுவார்கள். நான் மட்டும் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். என் கைப்பையில் இருக்கிற தலைவலி மாத்திரையின் கடைசித் தேதியை நான் பார்ப்பதே இல்லை. பார்த்தால் தூக்கிப் போட வேண்டிவரும்.

இந்த அழகில்தான் மேலிடத்திலிருந்து ஒரு பாரம், அதாவது படிவம், வந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். என்ன மருந்து, எதற்கு, எத்தனை, எப்போது. நான்குக்கும் சரியாகச் சொன்னால் நூற்றுக்கு நூறு. காலி மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்து அதையும் குறிக்க வேண்டும். தமிழ் பேசுகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் வகுப்பு. நடத்துகிறவள் நான். வகுப்பு என்றால் கூடத்தின் மூலையில் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மலாயில் ஒரு விளக்கப்படம், பக்கத்தில் இருமுகிறவர்களின் வரிசை. முதல் சில வாரம் சராசரி மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியவில்லை. மேல் தாதி தினமும் ஒரு தடவை என் மேசைப் பக்கம் வந்து, பாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். நான்கு கேள்விகளையும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். "ஒரு வேளைகூட விடக் கூடாது!" என்று நான் கத்துவது மருந்துக் கவுண்டர் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

அந்த வகுப்பில்தான் ஐயா வந்து உட்கார்ந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், துறைமுகத்துக்குக் கொண்டெய்னர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர். வலது கால் பெருவிரலில் ஆறாத புண். சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருத்துவர் இளம் வயது சீனப் பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஐயா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சர்க்கரையை இறக்குகிற மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு மாணவர் எனக்கு வாய்த்ததே இல்லை. முதல் வரிசையில் உட்காருவார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நான் சொல்வதையெல்லாம் எழுதுவார். சந்தேகம் கேட்பார். "மிஸ்ஸி, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முந்தி?" "மிஸ்ஸி, ரொம்ப ஒல்லியான ஆளுக்கும் இதே அளவுதானா?" ஐயா ஒல்லி இல்லை. லாரி இருக்கையை நிறைத்து உட்கார்ந்த உடம்பு. அறிவுத் தாகம் என்று நினைத்துக்கொண்டு நான் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனேன்.

நான்கு கேள்விக்கும் பதில் டக் டக் என்று வரும். காலி அட்டைகளைக் கணக்குத் தப்பாமல் ரப்பர் பட்டை போட்டுக் கொண்டுவருவார். நூற்றுக்கு நூறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மேலிடத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தபோது ஐயாவைத்தான் எழுப்பி நிறுத்தினேன். அவர் மலாயிலும் தமிழிலும் பதில் சொன்னார். கைதட்டினார்கள், பழக்கூடை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். 'முன்மாதிரி நோயாளி' என்று மலாயில் எழுதி, அந்தப் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். படத்தில் பழக்கூடைக்கு அந்தப் பக்கம் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இனிப்பு நீர்க்காரருக்கு மாம்பழமும் திராட்சையும் பரிசாகக் கொடுத்தது யார் யோசனை என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு குறை. முன்மாதிரி நோயாளியின் சர்க்கரை இறங்கவே இல்லை.

மூன்று மாதப் பரிசோதனையில் அவர் எண் எங்கள் கோப்புகளிலேயே மோசமானவற்றில் ஒன்றாக இருந்தது. பாரத்தில் அறிவுக்கு ஒரு கட்டம், அட்டைக்கு ஒரு கட்டம் இருந்தன. சர்க்கரைக்குக் கட்டம் இல்லை. அதனால் மேலிடத்தைப் பொறுத்தவரை எல்லாம் பிரமாதம். மருத்துவர்தான் விடவில்லை.

"மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவரா? ஒரு வேளை விடமாட்டார்," என்று நான் உத்தரவாதம் கொடுத்தேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். என் மாணவரைச் சந்தேகப்படுவது என்னைச் சந்தேகப்படுவது மாதிரி இருந்தது.

நான் சொன்னதை நம்பி மருத்துவர் அளவை இரட்டிப்பாக்கினார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஐயா அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டபோது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அதிக மாத்திரை சாப்பிடச் சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட நோயாளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதையும் என் வகுப்பின் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. அன்று எங்களுக்கு அரை நாள் சிறப்புக் கிளினிக் இருந்தது. காலையில் பசியாறிவிட்டு நான் கையுறை மாட்டுகிற நேரம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஐயா பின்கதவைத் திறந்து ஓர் அம்மாவைத் தூக்காத குறையாக இறக்கினார். எழுபதை ஒட்டிய வயது, குச்சி உடம்பு, சேலை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தாலும் பார்வை எங்கேயோ இருந்தது. வாய் குழறியது.

"அக்கா, மிஸ்ஸி. என் கூடப் பொறந்த அக்கா," என்று மட்டும் சொன்னார் ஐயா.

விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தேன். எண் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. எங்கள் கருவிக் கணக்கில் நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. மருத்துவர் ஓடி வந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். சில நிமிடங்களில் அந்த அம்மாவின் கண் திரும்பி வந்தது, கூரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தம்பியைத் தேடியது.

"இவங்களுக்கு இனிப்பு நீரா? எந்தக் கிளினிக்ல பாக்குறாங்க? என்ன மாத்திரை?" என்று ஐயாவைக் கேட்டேன்.

நான்கு கேள்விக்கும் டக் டக் என்று பதில் சொல்லுகிற மனிதர் குனிந்து அக்காவின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து அந்த அம்மாதான் பதில் சொன்னார். குரல் மெலிதாக இருந்தாலும் பதில் திருத்தமாக இருந்தது.

"சக்கரைய எறக்குற மாத்திர. இனிப்பு நீருக்கு. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முந்தி."

என்ன மருந்து, எதற்கு, எத்தனை, எப்போது. அதே வரிசை, அதே சொற்கள், என் இழுவைகூட அப்படியே இருந்தது. என் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவர் நூற்றுக்கு நூறு வாங்கினார்.

விஷயம் முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. அக்காவுக்கு ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. தம்பி பிறந்தபோது பதிவு செய்த அப்பா, அக்கா பிறந்தபோது செய்யவில்லை. ஐசி இல்லாதவர் அரசாங்க கிளினிக்குக்குப் போனால் வெளிநாட்டுக்காரர் கட்டணம். போலீசில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. எப்போதோ ஒரு தனியார் கிளினிக்கில் இனிப்பு நீர் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, தம்பிக்குக் கிளினிக் என்ன கொடுக்கிறதோ அதில் பாதி அக்காவுக்கு. இரண்டு மாத்திரை எழுதியபோது ஆளுக்கு ஒன்று. நான் வாய் கிழிய உத்தரவாதம் கொடுத்து நான்காக்கிய பிறகு ஆளுக்கு இரண்டு. ஐயாவுக்குப் பாதிதான் போனதால் சர்க்கரை இறங்கவில்லை. அவருக்கு எழுதியதில் பாதியே அந்தக் குச்சி உடம்புக்கு ஏகப்பட்டது.

எனக்கு வந்ததே கோபம். நோயாளி படுத்திருக்கிறார் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"மருந்தப் பங்கு போடச் சொல்லி யார் சொன்னா? இது என்ன வடையா, ஆளுக்குப் பாதி பிச்சுக் குடுக்க? எத்தன செவ்வாக்கெழம வந்து என் முன்னால ஒக்காந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொன்னதத்தான் மிஸ்ஸி நோட்டுல எழுதிக்கிட்டுப் போய் அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு வார்த்த மாத்தல," என்றார்.

"அப்படின்னா சர்க்கரை இவ்வளவு எப்படி இறங்குச்சு? நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

"நேத்து சாயந்தரத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல. இன்னிக்கு சனிக்கெழம வெரதம். காலையில கோப்பி ஓ மட்டும், பாலும் சீனியும் இல்லாம. ஆனா மாத்திர விடல மிஸ்ஸி. ஒரு வேளைகூட விடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதுக்காக எந்திரிச்சி ஒக்காந்து போட்டாங்க."

என் கத்தல் அங்கேயே நின்றது. சாப்பிடாத நாளில் இந்த மாத்திரையைப் போடக் கூடாது. தாதிக் கல்லூரியில் முதல் வருடமே படித்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விரதம் பிடிக்கிற சனங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவள் வேறு. ஆனால் பாரத்தில் நான்கு கேள்விதான் இருந்தது. ஐந்தாவதாகச் 'சாப்பிடாவிட்டால் என்ன செய்வீர்கள்' என்று கேட்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. எழுதாததால் நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பழக்கூடைப் படத்தை நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அக்கா தம்பி இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். மணிக்கணக்காகப் பேசிப் பார்த்து, கடைசியில் மாலை வரைக்கும் எங்கள் அறையிலேயே வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் விரலைக் குத்தினோம். நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டிவிட்டு, "சிரமம் குடுக்குறேன் மிஸ்ஸி," என்பார். மருத்துவர் ரத்தம் எடுத்து அனுப்பினார். அக்கா அந்த மாத்திரையை இனித் தொடக் கூடாது, முடிவு வந்ததும் அவருக்கென்று தனியாக எழுதித் தருகிறேன் என்றார். ஐயாவைப் பார்த்து, "நாலும் உங்களுக்குத்தான். உங்கள் கால் விரலுக்குத்தான்," என்றார்.

ஐயா அதற்கும் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "அக்காவுக்கு இல்லாத மாத்திரய நான் போட மாட்டேன் மிஸ்ஸி. வெரலுதானே, போனாப் போவுது."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என்னை மிரட்டவும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அக்காவுக்கென்று ஒரு நோயாளி அட்டையும் மருந்தும் எங்கள் கிளினிக்கில் கிடைத்தால்தான் தம்பியின் விரல் நிற்கும். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை முடிவுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தே தீர வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். போலீஸ் வந்தால் முதலில் என்னைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவைத்தேன். எந்தச் சட்டத்தில் என்று எனக்கே தெரியாது.

வந்தார்கள். அந்த அம்மா நல்ல சேலை கட்டி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். பதிவுக் கவுண்டரில் மலாய்ப் பெண் ஒருத்தி, நல்ல பிள்ளை. கணினித் திரையில் ஐசி எண் கேட்டது. இல்லை என்றதும் வேறு ஒரு பக்கம் திறந்தது. பெயரைத் தட்டினாள். அப்பா பெயரைத் தட்டினாள். பிறகு "நெகாரா?" என்று கேட்டாள்.

"எந்த நாடுன்னு கேக்குறாங்க," என்று நான் அக்காவிடம் சொன்னேன்.

"சுங்கை பாக்காப்பு," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "தோட்டத்துல, ரெண்டாவது லயத்துல," என்று வீட்டு வரிசையையும் சேர்த்துக்கொண்டார்.

கவுண்டர் பெண்ணுக்கு ஊர்ப் பெயர் புரிந்துவிட்டது, இதே பினாங்கு மாநிலத்து ஊர்தான். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். திரையில் வரிசையாக ஏகப்பட்ட நாடுகள் இருந்தன. மலேசியாவை அழுத்தினால் ஐசி எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்றது. சுங்கை பாக்காப் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"தப்பாச் சொல்லிட்டேனா, மிஸ்ஸி?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. நீங்க சொன்னது சரிதான்," என்றேன்.

அந்தப் பெண் பட்டியலின் கடைசி வரைக்கும் இறங்கிப்போய் 'மற்றவை' என்பதை அழுத்தினாள். திரை திறந்துகொண்டது. வெளிநாட்டுக்காரர் கட்டணத்துக்கான ரசீதை ஐயா வாங்கி மடித்துக்கொண்டார். மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு, சர்க்கரையைத் தடாலடியாக இறக்காத வேறு ஒரு மாத்திரையை எழுதினார். நான் ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்தாவதை இரண்டு தடவை கேட்டேன்.

மருந்துக் கவுண்டரில் பையை வாங்கி அக்கா கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் மேலே ஒட்டியிருந்த லேபிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார்.

"இது என் பேரா மிஸ்ஸி?"

"ஆமாக்கா. பக்கத்துல ஒங்க அப்பா பேரு."

"அரசாங்கமா அடிச்சுக் குடுத்துச்சு?"

"ஆமா."

அவர் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு அக்கா என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "இதக் கொண்டு போய்ப் பதிவு ஆபீசுல காட்டுனா ஐசி குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

பூசி மெழுகலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. "குடுக்க மாட்டாங்கக்கா," என்றேன்.

"சரி, பரவால்ல," என்றார். ஆனால் பையை என்னிடம் திரும்ப நீட்டினார். மாத்திரைகளை வேறு ஒரு பையில் போட்டுத் தர முடியுமா, இது கசங்கிவிடும் என்றார்.

லேபிள் ஒட்டிய பையிலிருந்து மாத்திரையை வேறு பைக்கு மாற்றவே கூடாது என்பது எங்கள் சுவரில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிற விதி. நான் இன்னொரு பையை எடுத்து வந்து மாத்திரைகளை அதற்குள் மாற்றினேன். எத்தனை, எப்போது, சாப்பிடாவிட்டால் என்ன என்று பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினேன். காலிப் பையை லேபிள் மடங்காதபடி நீவி அவர் கையில் கொடுத்தேன்.